பெய்ஜிங் போகும் முழங்கால்கள்

“ஏறவே இல்லை தம்பி. கேபிள் காரில்தான் மேலே போனேன். இறங்கினது மட்டும்தான்.”

சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64. பெய்ஜிங் சுற்றுலா முடிந்து ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள் என்னிடம் வந்தார். வலது முழங்கால் பொம்மென்று வீங்கியிருந்தது. சீனப் பெருஞ்சுவரின் மேல் நின்றுகொண்டு குழுவின் வழிகாட்டி, “இனிமே இறக்கம்தான், பெரியவங்களுக்கு ஈஸி” என்றாராம். இவரும் நம்பி நடந்துவிட்டார்.

பிசியோதெரபிஸ்டாக நான் மாதத்துக்கு நாலு பேரிடமாவது பேசித் தீர்க்கிற விஷயம் இது. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, அதனால் ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். மூட்டின் கணக்கு வேறு. சமதரையில் நடந்தால் முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கினால் மூன்று மடங்கைத் தாண்டும். 70 கிலோ எடை உள்ளவருக்கு ஒவ்வொரு படியிலும் 200 கிலோவுக்கு மேல். அந்தச் சுமையைத் தொடையின் முன்தசை பிரேக் மாதிரி பிடித்துப் பிடித்துத்தான் விட வேண்டும். வருடக்கணக்காக நாற்காலியிலேயே உட்கார்ந்த தொடைக்கு அந்த பிரேக் பிடிக்காது.

அவர் போனது பெருஞ்சுவரின் மூதியென்யூ பகுதி. பெய்ஜிங்கிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அங்கே சுவரில் 23 காவல் கோபுரங்கள். கேபிள் கார் 14ஆம் கோபுரத்தருகே விடும். திறந்த நாற்காலி லிஃப்ட் 6ஆம் கோபுரத்தருகே. 14-இல் இறங்கி 6 வரை நடந்து, டோபோகன் என்ற சறுக்கு வண்டியில் கீழே வருவது பலரும் போகும் வழி. வரைபடத்தில் பார்த்தால் குழந்தை விளையாட்டு. போன வருடம் அப்பா அம்மாவோடு நானும் அங்கே நின்றேன். ஒரு படி உள்ளங்கை உயரம்கூட இல்லை, அடுத்தது முழங்காலை நெருங்குகிறது, அதற்கடுத்தது பாதம் முழுதாகப் பதியாத அகலம். நம் வீட்டு மாடிப்படியில் கால் தானாகவே உயரத்தைக் கற்றுக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு படியும் புதுப்படி.

இன்னொன்று. கேபிள் காரும் நாற்காலி லிஃப்டும் வேறு வேறு டிக்கெட். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் செல்லாது. டோபோகனில் வயதானவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. 6ஆம் கோபுரம் வரை வந்துவிட்டு இது தெரிந்தால் திண்டாட்டம்தான். எனவே பெரியவர்களுக்கு நான் சொல்வது: கேபிள் காருக்கே போக வர டிக்கெட் எடுங்கள், 14-க்கு இருபுறமும் ஒன்றிரண்டு கோபுரம் பாருங்கள், அதே வழியில் திரும்புங்கள். மலை முதுகில் சுவர் வளைந்து போகும் காட்சி அங்கிருந்தே முழுதாகத் தெரியும். பாதாலிங் போகலாமா என்றும் கேட்பார்கள். அது பெருஞ்சுவரின் இன்னொரு பகுதி, 1957-லேயே பயணிகளுக்குத் திறந்தது. கைப்பிடிகள் உண்டு, கூட்டமும் உண்டு. படி இல்லாத செங்குத்துச் சரிவுகள் இருக்கின்றன, சரிவும் இறக்கம்தான்.

நகருக்குள் வந்தால் பிரச்சினை படியல்ல, தூரம். 1420-இல் கட்டி முடித்த பேரரசர்களின் அரண்மனை, ‘தடைசெய்யப்பட்ட நகரம்’, தெற்கிலிருந்து வடக்கு வரை 961 மீட்டர். தெற்கு வாசலில்தான் நுழைய முடியும். நுழைந்த வழியே திரும்புவது நடக்காது, வடக்கு வாசல் அல்லது கிழக்கு வாசல் வரை நடந்தே தீர வேண்டும். அதற்கு முன்னால் தியானன்மென் பகுதியில் பாதுகாப்புச் சோதனை வரிசை. நிழல் இல்லை, உட்கார இடமில்லை. பக்கவாட்டு முற்றங்களையும் பார்த்து முடித்தபோது அம்மாவின் கைக்கடிகாரம் 14,000 ஸ்டெப்பைத் தாண்டியிருந்தது. சக்கர நாற்காலி கேட்டால் கிடைக்கும், கேட்க வெட்கப்படாதீர்கள். திங்கட்கிழமை விடுமுறை, டிக்கெட்டைப் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நாளைத் தேர்வு செய்யும்போதே, பெருஞ்சுவருக்குப் போன மறுநாளாக அது அமையாமல் பாருங்கள். வடக்கு வாசலுக்கு எதிரே ஜிங்ஷான் குன்று, அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியது. அரண்மனைக் கூரைகள் மொத்தமும் அங்கிருந்து தெரியும்தான். அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

மெட்ரோ அருமையானது. ஆனால் பழைய தடங்களின் சில நிலையங்களில் மேலே ஏறத்தான் எஸ்கலேட்டர், கீழே இறங்கப் படிகள். பொதுக் கழிப்பறைகள் நிறைய உண்டு, பெரும்பாலும் குந்தி உட்காரும் வகை. முழங்கால் மடங்காதவர்கள் காலையில் ஓட்டலை விட்டுக் கிளம்பும்போதே இதை நினைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களைத்தான் நான் அதிகம் திட்டுவேன். சீனாவில் ரயில் நிலையம், ஓட்டல் என எங்கும் வெந்நீர் கிடைக்கும். பிளாஸ்க் எடுத்துப் போனால் போதும், நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அது சொர்க்கம்.

அந்த ஆசிரியை பெருஞ்சுவரில் இறங்கிய அன்று இரவு பக்கத்து அறைக்காரரிடம் வாங்கி டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போட்டிருக்கிறார், மறுநாள் மூன்று வேளை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர், போதாததற்குத் தண்ணீரும் குறைவு. சிறுநீரகத்துக்கு இது ஆபத்தான கூட்டணி. எந்த வலி மாத்திரை உங்களுக்கு ஒத்துவரும் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு, சீட்டோடு இங்கிருந்தே கொண்டுபோங்கள். அங்கே மருந்துக் கடையில் அட்டையைப் புரட்டிப் பார்த்தால் சீன எழுத்துதான் இருக்கும்.

சரி, போகும் முன் என்ன செய்வது? ஆறு வாரம் கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று எண்ணி மெதுவாக உட்காருங்கள். பத்து முறை, காலை மாலை. மூன்றாம் வாரத்திலிருந்து வீட்டுப் படியின் கடைசி ஒரு படியில் மட்டும், கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்கிப் பழகுங்கள். தேய்ந்த பிரேக்கைச் சரிசெய்யும் வேலை இதுதான். வலி கூடினால் நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால். கைத்தடி, வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். ஷூவை இங்கேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள். விமான நிலையத்தில் புது ஷூவைப் பிரிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாளாவது முழங்காலுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். கோடைக்கால அரண்மனையில் ஏரிக்கரையோரம் 728 மீட்டர் நீளத்துக்கு ஓவியக் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. நிழல் உண்டு, நினைத்த இடத்தில் ஓரத்தில் உட்காரலாம், படகும் உண்டு. மலைமேல் இருக்கும் புத்தர் கோபுரத்தைக் கீழேயிருந்து பார்த்தால் போதும். சொர்க்கக் கோயில் பூங்காவுக்கோ காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். எழுபது எழுபத்தைந்து வயது உள்ளூர்க்காரர்கள் இடுப்புயரக் கம்பியில் ஒரு காலைத் தூக்கிப் போட்டு நீட்டிக்கொண்டே அரட்டை அடிப்பார்கள். அம்மா அதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காலைப் போட நான் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை.