டீடோட்டலர்: பீரையும் சேர்த்துத்தான்

"பீர் மட்டும்தான் டாக்டர், மத்தபடி நான் டீடோட்டலர்." குடிநோய் சிகிச்சையில் இருக்கும் எவருக்கும் இது பழகிய வசனம். வேடிக்கை என்னவென்றால், மதுவையே தொடாதவரைக் குறிக்கும் 'டீடோட்டலர்' என்ற சொல் பிறந்ததே பீரையும் விடச் சொல்லித்தான். டீ குடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1830 வாக்கில் இங்கிலாந்தின் மதுவெதிர்ப்புச் சங்கங்கள் பெரும்பாலும் ஜின், பிராந்தி, விஸ்கி வகைகளை மட்டுமே எதிர்த்தன. பீர் உழைப்பவனுக்குத் தெம்பு என்பது ஊர் நம்பிக்கை. அதே 1830இல் வந்த சட்டம் ஒன்று சிறு கட்டணத்துக்கு பீர்க்கடை உரிமம் கொடுக்க, கடைகள் புற்றீசலாகக் கிளம்பின. லங்காஷயர் பகுதியின் பிரெஸ்டன் நகரில் சீஸ் வியாபாரி ஜோசப் லைவ்ஸி உட்பட ஏழு பேர், 1832 செப்டம்பர் 1 அன்று, எந்த மதுவும் தொடுவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். பீரைக் காய்ச்சி வடித்து, அதிலிருந்து வரும் சாராயத்தைக் கூட்டத்தின் முன் கொளுத்திக் காட்டுவது லைவ்ஸியின் வழக்கம். நல்ல உத்தி!

அடுத்த வருடம் அதே ஊர்க் கூட்டத்தில் ரிச்சர்ட் டர்னர் என்ற தொழிலாளி, அரைகுறை விலக்கு உதவாது, 'டீ-டோட்டல்' விலக்குதான் வேண்டும் என்று முழங்கினார். 'டோட்டல்' என்பதன் முதல் எழுத்தை இரட்டித்து அழுத்தியது அது. நாம் 'தன்னந்தனி' என்கிறோமே, அப்படி. அவருக்குத் திக்குவாய், அதனால் வந்த சொல் என்றும் ஒரு கதை உண்டு. சுவைக்காகச் சேர்த்ததாகவே எனக்குப் படுகிறது. சொல்லை உண்டாக்கியவர் என்று அவர் கல்லறையிலேயே பொறித்திருக்கிறார்கள்.

சரி, நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் ஆல்கஹால் என்றால் 52 மில்லி. 42.8 சதவீத பிராந்தியில் ஒரு கட்டிங், அதாவது 90 மில்லியில், இருப்பது சுமார் 38.5 மில்லி. ஆக, பாட்டில் பீர் அடிப்பவர் கட்டிங் அடிப்பவரைவிட அதிகம்தான் குடிக்கிறார். கல்லீரல் லேபிளைப் படிப்பதில்லை.

ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே சட்டென்று நிறுத்த வேண்டாம். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சியை வேட்டியிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். 'காத்து கருப்பு' என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது, போக வேண்டியது அவசரப் பிரிவுக்கு. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக் குடியை நிறுத்துபவர்கள் பலர். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே ஒரு டாக்டரைப் பாருங்கள். நடுக்கத்துக்கு மாத்திரையும் வைட்டமின் பி1-ம் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும்.