புண் ஆறிவிட்டது, காவல் கலையவில்லை

"புண்தான் ஆறிடுச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு தினமும் மாத்திரை? காண்டம் வேற போடணுமா?" பிறப்புறுப்பு ஹெர்பீஸுக்கு ஒருமுறை சிகிச்சை எடுத்தவர்கள் அடுத்த தடவை வரும்போது பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புண் ஆறித்தான் இருக்கிறது. ஆனால் அது இருந்த இடம் பழையபடி இல்லை.

முதல் தொற்றிலிருந்து வருகிறேன். இந்த நோயைத் தரும் வைரஸ், பெரும்பாலும் எச்.எஸ்.வி. 2, சிலருக்கு எச்.எஸ்.வி. 1, கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாகச் சளிச்சவ்வுக்குள் நுழைந்து மேலடுக்குச் செல்களில் பெருகுகிறது. கொப்புளத்தின் அடியை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒட்டி ஒரே பெரிய செல்லாகி, உள்ளே பல உட்கருக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். வைரஸ் புகுந்த செல் சும்மா சாவதில்லை. இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்துகிறது. வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. நோயாளி உணரும் சிவப்பு, வீக்கம், எரிச்சலில் கணிசமான பங்கு இந்தத் திரளால் வருவதுதான். வைரஸின் துணுக்குகளை, தகவல் சுமக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் தொடை இடுக்கில் உள்ள நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோகின்றன. நெறி கட்டுவது அதனால். வேறு ஏதோ புதுக் கட்டி என்று பயந்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கே, குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் வெள்ளை அணுக்களான டி செல்களுக்குப் பாடம் நடக்கிறது.

அந்தப் பாடம் முடியும்வரை வைரஸ் காத்திருக்காது. தொற்றிய செல், உள்ளே இருப்பதன் துண்டு ஒன்றைத் தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டினால்தான் டி செல்லுக்கு அடையாளம் தெரியும். ஐ.சி.பி.47 என்ற புரதத்தால் வைரஸ் அந்த வழியை அடைக்கப் பார்க்கிறது. இதற்கிடையில் நரம்பு நுனியைப் பிடித்து ஏறி, முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சில் குடியேறிவிடுகிறது. அங்கிருந்து அதை வெளியேற்ற இன்றுவரை மருந்து கிடையாது.

முதல் தடவை இரண்டு முதல் நான்கு வாரம் படுத்தி எடுக்கும் நோய், மறுபடி வரும்போது சில நாளில் அடங்குகிறதே, ஏன்? அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஆய்வாளர்கள் புண் ஆறிய இடத்திலிருந்தே சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நரம்பு முனைகளை ஒட்டி, வைரஸ் இறங்கி வரும் வாசலிலேயே, தொற்றிய செல்லைக் கொல்லும் சி.டி.8 வகை டி செல்கள் நின்றுகொண்டிருந்தன. 2007-இல் வெளியான ஆய்வு அது. ஆனால் இந்தக் காவல் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் இல்லை. ஆள் குறைவான இடத்தில் வைரஸ் கசிகிறது. பல சமயம் அரை நாளுக்குள் அடங்கியும் விடும். புண் இல்லை, அரிப்புகூட இல்லை. பரவுவது அதிகமும் இப்படித்தான். "எனக்கு ஒண்ணுமே இல்லையே" என்று துணை சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

காவலுக்கு நிற்பவை சி.டி.8 மட்டுமல்ல, சி.டி.4 என்ற இன்னொரு வகை டி செல்களும்தான். எச்.ஐ.வி. பற்றிக்கொள்வது அவற்றைத்தான். எச்.எஸ்.வி. 2 உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் சுமார் மூன்று மடங்கு. ஹெர்பீஸ் மருந்தான அசைக்ளோவிர் கொடுத்தால் அது குறையும் என்று நம்பி நடத்திய பெரிய ஆய்வுகள் ஏமாற்றின. காரணம் 2009-இல் ஓரளவு புரிந்தது: மருந்து சாப்பிட்டுப் புண் ஆறிய பிறகும், வாரக்கணக்கில், அந்த இடத்தில் இந்தச் செல்கள் கூட்டமாகவே இருந்தன. மருந்து வைரஸின் பெருக்கத்தைத்தான் தடுக்கிறது, கூடிய கூட்டத்தைக் கலைப்பதில்லை.

ஆகவே, மாத்திரையின் வேலை வேறு, காண்டத்தின் வேலை வேறு. தினமும் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் (அசைக்ளோவிரின் இன்னொரு வடிவம்), துணைக்கு ஹெர்பீஸ் பரவுவதை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. எச்.ஐ.வி.யிலிருந்து அது காப்பாற்றாது, காண்டம்தான் காப்பாற்றும். மூடாத இடங்களில் ஹெர்பீஸ் புண் வரலாம் என்பதால் காண்டமும் ஹெர்பீஸுக்கு முழுத் தடுப்பு இல்லை. கையோடு ஒரு எச்.ஐ.வி. பரிசோதனையும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

"சரி டாக்டர், எத்தனை வருஷத்துக்கு?" என்பது அடுத்த கேள்வி. வருஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுவோம். திரும்பத் திரும்ப வருவது குறைந்திருந்தால் நிறுத்திப் பார்க்கலாம்.