ராட்டினத்தை ராட்சதச் சக்கரம் ஆக்காதீர்கள்

சென்ற வாரம் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை படித்தேன். நியூயார்க் நகரத்துக் கோனி ஐலண்ட் கடற்கரையில் சிறுவயதைக் கழித்த ஒரு மூதாட்டியின் நினைவுகள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மரப்பலகை நடைபாதையில் போனது, உப்புக் காற்று, இருட்டியதும் எரியத் தொடங்கும் விளக்குகள். மனம் ஒன்றிப் படித்துக்கொண்டே வந்தேன். ராட்சதச் சக்கரத்தில் வெள்ளைக் குதிரை மேல் உட்கார்ந்து, பித்தளை மோதிரத்துக்காகக் கை நீட்டியதாக அவர் சொல்லும் இடம் வந்தது. படிப்பது அங்கேயே நின்றுவிட்டது.

ராட்சதச் சக்கரத்தில் குதிரைக்கு என்ன வேலை? மோதிரத்தை அங்கே மாட்டி வைத்தது யார்? அடுத்த பத்தியில் அதே மூதாட்டி அதே ‘ராட்சதச் சக்கரத்தின்’ உச்சியிலிருந்து கடலைப் பார்க்கிறார். அப்போதுதான் விளங்கியது. மூலத்தில் இருந்தவை இரண்டு வேறு பொறிகள். ஒன்று படுத்த வாக்கில் சுற்றுவது, மற்றொன்று நின்ற வாக்கில் சுற்றுவது. மொழிபெயர்த்தவர் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டார், அதுவும் தவறான பெயரை.

செய்தித்தாளில், தொலைக்காட்சியில், பொருட்காட்சி விளம்பரத்தில் என்று இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தமிழில் ராட்டினம் என்று ஒரு சொல் இருக்கிறது. அது ஏன் போதவில்லை என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் அதன் பிறப்பு. நீர் இறைக்கும் சக்கரத்துக்குச் சமஸ்கிருதத்தில் அரகட்டம் என்று பெயர். பிராகிருதத்தில் அரஹட்ட, இந்தியில் ரஹட், மராத்தியில் ரஹாட், தெலுங்கில் ராட்னம், தமிழில் ராட்டு, ராட்டை, ராட்டினம். ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இராட்டினம் என்றும் எழுதுவோம். அவ்வளவுதான்.

சொல் வந்த வழியைவிட அது குறித்த பொருளைப் பாருங்கள். சக்கரத்தின் விளிம்பில் குடங்களைக் கட்டியிருப்பார்கள், அல்லது குடங்கள் கோத்த கயிற்றைச் சக்கரத்தின் மேல் ஓட விட்டிருப்பார்கள். நிரம்பிய குடம் ஒரு பக்கம் ஏறும். உச்சியில் நீரைக் கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்கும். குடங்கள் இருந்த இடத்தில் மனிதர்களை உட்கார வைத்துப் பாருங்கள். திருவிழா ராட்டினம் வந்துவிடும்! கிணற்றில் வாளியை ஏற்றி இறக்கும் உருளையும் ராட்டினம், நூல் நூற்பதும் ராட்டினம், தேங்காய் நாரில் கயிறு திரிப்பது ராட்டு. சுற்றுவதும் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பதும் சேர்ந்ததுதான் இந்தச் சொல்லின் பொருள்.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு வந்த ராட்டினத்தில் நான்கே தொட்டில்கள். இரண்டு மரக்கால்கள், நடுவில் ஓர் அச்சு, சிலுவையாகப் பொருத்திய சட்டங்கள். மோட்டார் கிடையாது. முண்டாசு கட்டிய ஒருவர் கீழே நின்றுகொண்டு, வருகிற தொட்டிலை எட்டிப் பிடித்து இழுத்து விடுவார். மேலே போகும்போது கோயில் கோபுரமும் தேரடியும் தெரியும். இறங்கும்போது அடிவயிறு ஜில்லென்று கூசும். அச்சுக்கு எண்ணெய் போடாமல் கிரீச் கிரீச்சென்று அலறும். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக் கிணற்று ராட்டினத்தின் சத்தமேதான். என் அப்பத்தா அதைக் கேட்டுவிட்டு, “கெணத்து ராட்டினம் பெரிசா வளந்து வந்திருக்குடா” என்று சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அகராதி பார்க்காமலே சொல்லின் வேரைத் தொட்டுவிட்டார்.

இப்போது ராட்சதனுக்கு வருகிறேன். இந்தியாவில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்தப் பொறியை ஜெயண்ட் வீல் என்கிறார்கள். யாரோ ஒருவர் ஜெயண்ட் என்பதற்கு அகராதியைப் புரட்டினார், ராட்சதன் கிடைத்தான். வீல் என்பதற்குச் சக்கரம் கிடைத்தது. இரண்டையும் ஒட்டினார். பொறியைக் கண்ணால் பார்த்து வைத்த பெயராக இருந்தால் இப்படி வந்திருக்காது. ராட்சதன் என்றால் தமிழ்க் காதுக்கு என்ன கேட்கிறது? கோரைப்பல், கொடுமை, ஆளைத் தின்னும் பசி. பாட்டி கதையில் வருகிற ராட்சதன் பெரியவன் மட்டும் அல்லன், கெட்டவன். குழந்தையைத் தூக்கி உட்கார வைத்து மகிழ்ச்சியூட்டும் ஒன்றுக்கு இந்தப் பெயரா?

ஜெர்மன் மொழியில் ரீசென்ராட் என்கிறார்களே, அதற்கும் அதுதானே பொருள் என்று ஒரு நண்பர் கேட்டார். வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் 1897 முதல் நிற்கும் புகழ்பெற்ற ராட்டினத்தின் பெயர் அது. ஏறக்குறைய 65 மீட்டர் உயரம். 1944இல் போரில் எரிந்தது, 1947இல் மீண்டும் சுற்றத் தொடங்கியது. 30 பெட்டிகள் இருந்த இடத்தில் 15 மட்டுமே திரும்பப் பூட்டினார்கள். ரீசெ என்றால் மிகப் பெரிய உருவம் கொண்டவன். அந்தச் சொல்லே கெட்டவன் என்று சொல்லிவிடுவதில்லை, கதையில் நல்ல ரீசெயும் உண்டு. நம் ராட்சதனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஜெர்மானியர் தங்கள் சொல்லின் எடை அறிந்து வைத்தார்கள். நாம் எடை பார்க்காமல் எடுத்துக்கொண்டோம்.

ராட்டினத்தோடு இது நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ராட்சதக் குழாய், ராட்சத பலூன், ராட்சத கிரேன், ராட்சத விளம்பரப் பலகை என்று இன்று பெரிதாக எதைக் கண்டாலும் ராட்சதனை அழைத்து வந்துவிடுகிறார்கள். தமிழில் பெரிது என்று சொல்ல எத்தனை வழி! பெருங்கடல், பேரேரி, பெருமழை, மாமலை. 2004 டிசம்பரில் கடல் பொங்கி வந்தபோது முதலில் ராட்சத அலை என்றுதான் எழுதினார்கள். பிறகு ஆழிப்பேரலை வந்தது, நிலைத்தது. அந்தச் சொல்லில் கடலும் இருக்கிறது, அளவும் இருக்கிறது, அரக்கன் இல்லை. அக்கறையோடு தேடினால் கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. பெரிய ராட்டினத்துக்குப் பெரிய ராட்டினம் என்று சொன்னால் எந்தக் குறையும் வந்துவிடாது.

சக்கரம் என்ற பாதியும் சரியில்லை. வண்டிக்கு இருப்பது சக்கரம், குயவர் சுற்றுவது சக்கரம், பெருமாள் கையில் இருப்பது சக்கரம். இவற்றில் எதிலும் ஆள் உட்கார இடம் இல்லை. “திருவிழாவில் சக்கரம் ஏறினோம்” என்று எந்தப் பிள்ளையாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ராட்டினம் ஏறினோம், ராட்டினம் சுற்றினோம் என்பார்கள். கொங்குப் பக்கம் தூரி ஆடினோம் என்பார்கள். ஒரு பெயர்ச்சொல் சரியானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை, அதோடு மக்கள் என்ன வினையைச் சேர்க்கிறார்கள் என்பது. வினை ஒட்டாத பெயர் வாயில் ஒட்டாது.

பெர்ரிஸ் சக்கரம் என்று எழுதுகிறவர்கள் இன்னொரு கூட்டம். ஜார்ஜ் பெர்ரிஸ் என்ற பொறியாளர் 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் நிறுத்தியது உண்மையிலேயே பிரமிப்பானது. பாரிஸின் ஈபிள் கோபுரத்துக்கு விடையாக ஒன்று வேண்டும் என்று அமெரிக்கர்கள் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. 264 அடி உயரம், 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். கட்டணம் 50 சென்ட், அதற்கு இரண்டு சுற்று. பெர்ரிஸ் 1896இல், 37 வயதில் இறந்துபோனார். அவருடைய ராட்டினத்தை 1906இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பெயர் மட்டும் ஆங்கிலத்தில் நின்றுவிட்டது. சிகாகோ கண்காட்சிக்கு முந்தைய ஆண்டே வில்லியம் சாமர்ஸ் என்பவர் கோனி ஐலண்டிலும் அட்லாண்டிக் சிட்டியிலும் 50 அடி மரராட்டினங்களை நிறுவி, பின்னர் பெர்ரிஸ் மேல் வழக்கும் தொடுத்தார். இன்னும் பின்னே போனால், 1620இல் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி இன்றைய பல்கேரியாவின் பிளோவ்டிவ் நகரில் மக்கள் மரராட்டினத்தில் சுற்றியதைக் கண்டு எழுதியிருக்கிறார். ஆங்கிலத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, ஆளின் பெயரை எடுத்துக்கொண்டது. நமக்கு அந்தத் தேவையே எழவில்லை. சிகாகோவில் நின்ற அந்த ஒன்றைப் பெர்ரிஸின் ராட்டினம் என்று சொல்லலாம், அது வரலாறு. சித்திரைப் பொருட்காட்சியில் நிற்பதற்கு எதற்குப் பெர்ரிஸ்?

தனித்தமிழ் அன்பர்கள் வேறு பக்கத்திலிருந்து வருகிறார்கள். ராட்டினம் வடசொல், ஆகவே சுழலூஞ்சல் என்று சொல்வோம் என்கிறார்கள். அவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன். புதிய பொருளுக்குப் பெயர் இல்லாத இடத்தில் நானும் தமிழ் வேரைத்தான் தேடுவேன். ஆனால் ஊஞ்சலுக்கு உயிரே முன்னும் பின்னும் ஆடுவது. போன வழியே திரும்பி வருவது ஊஞ்சல். ராட்டினம் போன வழியே திரும்பாது. தொட்டில் லேசாக ஆடுகிறது என்பதற்காக முழுப் பொறியையும் ஊஞ்சல் என்றால், கேட்கிறவன் மனத்தில் தப்பான படம் விழும். கிணற்றடியிலும் தறிக்கூடத்திலும் தேர்த்திருவிழாவிலும் புழங்கித் தேய்ந்த சொல்லை இனிமேல் வெளியூர்ச் சொல் என்று தள்ளி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தூய்மையா தெளிவா என்று கேட்டால், இந்த இடத்தில் தெளிவின் பக்கம்தான் நிற்பேன்.

இனி அந்தக் குதிரை. மூலத்தில் இருந்த சொல் கேரசல். அதற்குத் தமிழில் குடை ராட்டினம் என்று அழகான பெயர் இருக்கிறது. மேலே விரிந்த குடை, கீழே வட்டமாகச் சுற்றும் குதிரைகள். பார்க்காதவருக்கும் பெயரே படம் போட்டுக் காட்டிவிடும். கேரசல் என்பது பிரெஞ்சு, இத்தாலிய வழியில் வந்த சொல், முதலில் குதிரை வீரர்களின் வித்தை விழாவைக் குறித்தது. 1662இல் பதினான்காம் லூயி மன்னர் பாரிஸில் நடத்திய அப்படியொரு விழாவின் பெயரை அங்கே ஒரு சதுக்கம் இன்றும் தாங்கி நிற்கிறது. வீரர்கள் பாய்ந்துவரும் குதிரை மேலிருந்தபடி, தொங்கும் வளையத்தை ஈட்டி முனையால் கோத்து எடுப்பார்கள். அதற்குப் பழகச் செய்த மரக்குதிரைகள்தாம் பிற்காலத்தில் குழந்தைகளின் விளையாட்டாயின.

அந்த வளையம்தான் அமெரிக்கக் குடை ராட்டினத்துக்கும் வந்தது. வெளிவரிசைக் குதிரையில் இருப்பவர் கைநீட்டினால் எட்டும்படி ஒரு நீண்ட குழல் இருக்கும். சுற்று ஒன்றுக்கு ஒரு வளையத்தை உருவலாம். பெரும்பாலும் இரும்பு வளையம் வரும். பித்தளை வளையம் கிடைத்தவருக்கு அடுத்த சவாரி இலவசம். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் கடற்கரையில் 1911இல் சார்லஸ் லூஃப் செய்துகொடுத்த குடை ராட்டினத்தில் இன்றும் பிள்ளைகள் வளையம் உருவுகிறார்கள். அந்த மூதாட்டி சிறுமியாய் உடம்பை வளைத்து, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு கை நீட்டியது அந்த வளையத்துக்காக. அதை மோதிரம் என்று எழுதினால் அந்த வயதின் ஆசையே கலைந்துபோகிறது. குழந்தை ஏதோ நகைக்கு ஆசைப்பட்டதாகத் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். சொல்லுக்குச் சொல் தேடுகிறார்கள், பொருளைப் போய்ப் பார்ப்பதில்லை. ஒரு புகைப்படம் பார்த்திருந்தால் போதும், குதிரை எதில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். ரோலர் கோஸ்டரில் கோஸ்ட் என்பதைக் கண்டதும் கடற்கரையை நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சரிவில் தன் எடையாலேயே சறுக்கி இறங்குவது என்பது இங்கே அதன் பொருள். 1884இல் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்ப்சன் 5 சென்ட் கட்டணத்துக்கு ஓட்டிய வண்டிக்கு எஞ்சினே கிடையாது. மேட்டிலிருந்து விட்டால் தானே சறுக்கி ஓடும். பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் இதை ருஷ்ய மலை என்கிறார்கள், ருஷ்யர்களோ அமெரிக்க மலை என்கிறார்கள். ஆளுக்கொரு பெயர், ஆனால் எல்லோருக்கும் மலையும் சரிவும் கண்ணில் பட்டிருக்கின்றன. தமிழில் ரோலர் கோஸ்டர் என்றே எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. பெயர் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் சறுக்கு ரயில் என்பேன்.

அந்த மூதாட்டி கடலைப் பார்த்தது அநேகமாக 1920இல் எழுந்த வொண்டர் வீலிலிருந்து இருக்கும். 150 அடி உயரம், 24 பெட்டிகள். அவற்றில் 16 பெட்டிகள் விளிம்பில் நிலையாகத் தொங்குவதில்லை. ராட்டினம் சுற்றச் சுற்ற, உள்ளே வளைந்த தண்டவாளத்தில் சரிந்து ஓடும். இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு அந்த இடத்தை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: குடை ராட்டினத்தில் எனக்கு வெளிவரிசை வெள்ளைக் குதிரைதான் வேண்டும். அதில் இருந்தால்தான் பித்தளை வளையம் எட்டும். வளையம் கிடைக்காத நாளில் அப்பா என்னைப் பெரிய ராட்டினத்துக்குக் கூட்டிப்போவார். பெட்டி சரிந்து ஓடும்போது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். உச்சிக்குப் போனதும் அவரே சொல்வார், கண்ணைத் திற, கடல் தெரிகிறது என்று.