சுரண்டியும் அழியாத சிசரோ

கிறிஸ்தவத் துறவிகள் பழைய ரோமானிய நூல்களைச் சுரண்டி அழித்தார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. சுரண்டியது உண்மைதான். ஆனால் விலங்குத் தோலாலான அந்த ஏடுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததும் அவர்கள்தான்.

கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானிய அரசியல்வாதி சிசரோ எழுதிய ‘குடியரசு’ நூலுக்கு இப்படி நேர்ந்தது. வடஇத்தாலியின் போபியோ மடத்தில், 7ஆம் நூற்றாண்டில், அதன் பழைய பிரதியைத் துடைத்துவிட்டு, பைபிளின் சங்கீதங்களுக்குப் புனிதர் அகஸ்டின் எழுதிய உரையை அதன்மேல் எழுதினார்கள். 1819இல் வத்திக்கான் நூலகத்தில் அதன் நூலகர் ஆஞ்சலோ மாய் அந்த ஏட்டைப் புரட்டியபோது, உரையின் வரிகளுக்கு அடியில் பெரிய பெரிய எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. அதுவரை அந்நூலின் கடைசிப் பகுதியும் பிறர் காட்டிய சில மேற்கோள்களுமே உலகத்திடம் இருந்தன.

வெறுப்பால் சுரண்டினார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு தடித்த நூலுக்கு ஒரு மந்தையின் தோலே வேண்டியிருந்தது. யாரும் படிக்காத நூலின் தோல் மறுபடி பயன்பட்டது. 5ஆம் நூற்றாண்டு பைபிள் பிரதி ஒன்றையே பிற்காலத்தில் சுரண்டி, புனிதர் எஃப்ரேமின் உரைகளை எழுதியிருக்கிறார்கள்!

எழுத்து ஏன் முழுவதும் போகவில்லை? விடை மையில் இருக்கிறது. அக்காலத் தோலேடுகளுக்குப் பெரிதும் பயன்பட்ட மையின் சரக்குகளை நம் நாட்டு மருந்துக் கடையிலும் வாங்கலாம்: மாசிக்காய், அன்னபேதி, கொஞ்சம் பிசின். மாசிக்காயின் துவர்ப்புப் பொருளும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து, காற்றுப் பட்டதும் கறுக்கின்றன. அந்தக் கறுப்பு தோலுக்குள் ஊறிவிடும். மேற்பரப்பைச் சுரண்டினாலும் உள்ளே கொஞ்சம் இரும்பு தங்கிவிடுகிறது.

மாய் காலத்து அறிஞர்கள் ஏட்டின்மீது மாசிக்காய்ச் சாற்றையே தடவினார்கள். மிச்சமிருந்த இரும்பு மீண்டும் கறுத்தது. நாளடைவில் ஏடும் பழுப்பேறிக் கெட்டது. புற ஊதா ஒளி இந்தச் சேதம் இல்லாத வழி. அந்த ஒளியில் தோல் நீலமாக ஒளிரும். மை ஊறிய இடம் இருண்டு நிற்கும்.

ஆர்க்கிமிடீஸின் நூல்களைச் சுரண்டிய ஏட்டில் அதுவும் போதவில்லை. 1229இல் பிரார்த்தனை நூலாக மாற்றப்பட்ட அந்த ஏட்டின் சில பக்கங்களில், 20ஆம் நூற்றாண்டில் யாரோ பொன் பூசிப் போலிப் படங்களும் வரைந்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவற்றின்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினார்கள். இரும்பு அணுக்கள் தமக்கே உரிய ஆற்றலில் கதிர்களைத் திருப்பி உமிழும். புள்ளி புள்ளியாக அதை அளந்தால் எழுத்தின் வரைபடம் கிடைக்கும். ஆனால் பிரார்த்தனையும் இரும்பு மைதான், ஆர்க்கிமிடீஸும் இரும்பு மைதான். போதாததற்கு ஏட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகவே பதிந்தன. எது யாருடைய எழுத்து என்று பிரித்தறியும் வேலை மனிதக் கண்களுக்கே மிஞ்சியது.