சாரினா: பட்டத்தரசியா, பேரரசியா?

ரஷ்யாவை ஆண்ட இரண்டாம் கேத்தரீனைத் தமிழில் ‘சாரினா’ என்று எழுதுவதைப் பார்க்கிறோம். இது ரஷ்யச் சொல் அல்ல. ஜாரின் மனைவியை ரஷ்யர்கள் ‘ட்ஸரீத்ஸா’ என்பார்கள். அதற்கு மேற்கு ஐரோப்பியர் தங்கள் வழக்கப்படி பெண்பால் விகுதி சேர்த்துக்கொண்ட வடிவம்தான் சாரினா.

வேர் ரோமில் இருக்கிறது. ஜூலியஸ் சீசரின் குடும்பப் பெயர் பின்னால் பட்டமாகி, ஜெர்மனியில் கைசர் என்றும் ரஷ்யாவில் ஜார் என்றும் திரிந்தது. பாரதி ‘ஜார் சக்கரவர்த்தி’ என்று எழுதியது இந்த ஜாரைத்தான். ஆனால் 1721இல் முதலாம் பீட்டர் ‘இம்பெராத்தர்’ என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டார். கட்டளையிடுதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. ஆகவே கேத்தரீனின் முறையான பட்டம் அதன் பெண்பாலான ‘இம்பெராத்ரித்ஸா’.

சரி, தமிழில் என்ன சொல்வது? அதற்கு அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1729இல் ஸ்டெட்டின் நகரில் பிறந்தபோது அவர் பெயர் சோஃபி. தந்தை அன்ஹால்ட்-செர்ப்ஸ்ட் என்ற சின்னஞ்சிறு ஜெர்மன் அரசுக் குடும்பத்தவர், பிரஷ்யப் படையில் தளபதி. நம் வழக்கில் சிற்றரசர் வீட்டுப் பெண். 1744இல் ரஷ்யாவுக்கு மணப்பெண்ணாக வந்தவர், இரவில் எழுந்து வெறுங்காலோடு நடந்தபடி ரஷ்யச் சொற்களை மனப்பாடம் செய்து, குளிர் தாக்கிச் சாகக் கிடந்தார். அவர் பிறந்து வளர்ந்த லூதரன் சபையின் போதகரை வரவழைக்கலாம் என்றபோது, வேண்டாம், ரஷ்யத் திருச்சபைப் பாதிரியாரைக் கூப்பிடுங்கள் என்றார். பதினைந்து வயதுகூட நிரம்பாத பெண்! அந்த நாட்டு மக்களின் மனத்தை அப்போதே தொட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு மதம் மாறி யெகாத்தரீனா, அதாவது கேத்தரீன், ஆனார். மறு ஆண்டு திருமணம்.

1762 ஜனவரியில் கணவர் மூன்றாம் பீட்டர் அரியணை ஏறினார். அப்போது கேத்தரீன் யார்? இதற்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: பட்டத்தரசி. பட்டம் என்பது நெற்றியில் கட்டும் பொற்பட்டை. அரசனின் முதன்மைத் துணைவி என்ற உரிமையை அது காட்டும். இன்னும் பழைய சொல் வேண்டுமென்றால் கோப்பெருந்தேவி. கண்ணகி நீதி கேட்டு நின்ற அவையில் நெடுஞ்செழியனோடு இருந்தவளை நாம் அந்தப் பெயரால்தான் அறிவோம்.

ஆறே மாதம். ஜூலை 9 அன்று காவற்படைகளின் துணையோடு கணவரை இறக்கிவிட்டுக் கேத்தரீன் ஆட்சியைப் பிடித்தார். ஏழு வயது மகன் பாவெலுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தவர்களும் அரண்மனையில் இருந்தார்கள். அவர் இணங்கவில்லை. தன் பெயரிலேயே முடிசூடி, 1796இல் இறக்கும்வரை 34 ஆண்டுகள் ஆண்டார்.

ரஷ்ய மொழியில் ஜூலை 8ஆம் தேதியும் அவர் இம்பெராத்ரித்ஸா, 10ஆம் தேதியும் இம்பெராத்ரித்ஸாதான். அரசன் மனைவிக்கும் ஆளும் பெண்ணுக்கும் ஒரே சொல். தமிழில் அந்த மாற்றத்தைச் சொல்லிலேயே காட்டலாம். முந்தைய கேத்தரீன் பட்டத்தரசி, பிந்தையவர் பேரரசி. சக்கரவர்த்தினியும் பொருந்தும்தான், ஆனால் அது வடசொல். பேரரசி இருக்கும்போது சாரினா நமக்கு எதற்கு?