அது மலை ஏறியதால் வந்த வாந்தி இல்லை

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஏற்காடு போயிருந்த ஓர் அம்மாவைக் கைத்தாங்கலாகச் சேலத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தார்கள். அவருக்குச் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. "இருபது கொண்டை ஊசி வளைவு சார், வாந்தி எடுத்தே ஓஞ்சுட்டாங்க" என்றார் மகன். ரத்த அழுத்தம் 80/50-க்குச் சரிந்திருந்தது. வளைவில் வரும் வாந்தி ஆளை இப்படிச் சாய்க்காது.

முகம் உப்பி உருண்டிருந்தது. கைகால்கள் மட்டும் குச்சி. ஊசி குத்தத் தொட்ட இடத்தில் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, நீலம் பாரித்திருந்தது. "முட்டி வலிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்றேன். ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 100 மி.கி., சலைன் ஏற்றினோம். வீட்டுக்கு ஓடிய மகன் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். வெட்டிய அட்டைத் துண்டில் 'டெக்ஸா' என்ற பாதிப் பெயர் மிஞ்சியிருந்தது. சீட்டில்லாமல் இரண்டு வருடம் மருந்துக்கடையில் வாங்கிய டெக்ஸாமெத்தசோன். அதுவும் ஒரு ஸ்டீராய்டு. திருவிழா அவசரத்தில் அதை எடுக்க மறந்து நான்கு நாளாகியிருந்தது.

மறந்ததற்கா இவ்வளவு? ஆம். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி தரும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனுக்கு உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஓர் ஏற்பி உண்டு. 777 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். 1985-இல் அமெரிக்க விஞ்ஞானி ரொனால்ட் எவான்ஸின் குழுவினர் மனிதரில் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். சும்மா இருக்கும்போது துணைப் புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஹார்மோன் அதன் குழிக்குள் பொருந்தியதும் வடிவம் மாறி, பிடி நழுவி, உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவைப் பற்றும். சில மரபணுக்கள் விழிக்கும், சில அடங்கும்.

டெக்ஸாமெத்தசோன் அதே குழியில் இன்னும் இறுக்கமாக உட்காருகிறது. அரை மில்லிகிராமே உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசாலுக்கு ஏறத்தாழ ஈடு. முட்டிக்கு மட்டும் போ என்று அதை அனுப்ப முடியாது. முட்டியில் அழற்சி மரபணுக்களை அடக்கும்போதே, கல்லீரலில் சர்க்கரை செய்யும் மரபணுக்களை எழுப்புகிறது, எலும்பு வளர்ச்சியைத் தடுக்கிறது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரியில் இதே ஏற்பி, 'கார்ட்டிசால் போதும்' என்று அட்ரீனலுக்குப் போகும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. உத்தரவு வராத அட்ரீனல் சுருங்கிப்போகிறது. வெளியிலிருந்து வரும் மாத்திரையும் நின்றால், உடலில் ஒரு சொட்டுக்கும் வழியில்லாமல் ரத்த அழுத்தம் சரிகிறது.

ஸ்டீராய்டு விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்துமா முற்றியவரை அது பிழைக்க வைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டிருந்தால் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்லச் சொல்லப் படிப்படியாகக் குறையுங்கள். காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள். பெயர் தெரியாத மாத்திரையா? அட்டையோடு கேட்டு வாங்குங்கள்.

முகம் உப்பியதைப் பார்த்து, "உடம்பு தேறிட்டே" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்களாம். அந்த அம்மாவின் சுரப்பி விழிக்க எட்டு மாதம் ஆனது. காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால் சரியான அளவுக்கு வந்த அன்றுதான் கடைசி மாத்திரையை நிறுத்தினேன்.