சொல் விளக்கம்: ஃபஸி – மங்கலா, பிசிறா?

வாஷிங் மெஷின் வாங்கியவர்களுக்கு ‘ஃபஸி லாஜிக்’ புதிய பெயரல்ல. மெஷினின் முகப்பிலேயே அதை ஒட்டி விற்ற காலம் உண்டு. அதே சொல் ரோபோ ஆய்வுக்குள் போய், ‘குவாலிடேட்டிவ்’ என்ற இன்னொரு சொல்லோடு கைகோத்துக்கொண்டு, இடத்தையும் இயக்கத்தையும் பற்றிய ‘ஃபஸி குவாலிடேட்டிவ் ரீசனிங்’ என்ற தொடராக வரும்போதுதான் தமிழில் எழுதுபவர்களுக்குச் சிக்கல். இரண்டையும் ‘தெளிவற்ற’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். இரண்டும் வெவ்வேறு சங்கதி.

முதலில் ஃபஸி. ஆங்கிலத்தில் ‘ஃபஸ்’ என்றால் கம்பளியிலும் துணியிலும் எழுந்து நிற்கும் நுண்ணிய நூல், பஞ்சுத் துணுக்கு. பஞ்சுபோலப் பொதபொதவென்று இருப்பதைக் குறிக்கும் டச்சு, வட ஜெர்மானியச் சொற்களோடு இதற்கு உறவு இருக்கலாம் என்பார்கள். ஓரம் கூர்மையாக இல்லாத எதற்கும் பின்னால் இது அடைமொழியானது. கணிதத்துக்குள் இதைக் கொண்டுவந்தவர் லோட்ஃபி ஜாதே. 1921இல் பாகுவில் பிறந்து, தெஹ்ரானில் படித்து, அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்தவர். 1965இல் வெளியான கட்டுரையில், எல்லை வெட்டினாற்போல இல்லாத கூட்டங்களை, அதாவது கணங்களை (செட்), பற்றி எழுதினார். உயரமான ஆண்கள், 1ஐவிட மிகப் பெரிய எண்கள் போன்றவை அவர் தந்த எடுத்துக்காட்டுகள். பள்ளிக் கணிதத்தில் ஓர் உறுப்பு ஒரு கணத்தில் இருக்கும், அல்லது இருக்காது. ஜாதேயின் கணத்தில் 0.4 அளவுக்கு இருக்கலாம், 0.9 அளவுக்கும் இருக்கலாம்.

பெயர் அவருக்கு நல்லதும் செய்தது, கெடுதலும் செய்தது. இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் துறையான கட்டுப்பாட்டியலின் பெரிய பெயர்களில் ஒருவரான ரூடால்ஃப் கால்மன் உட்படப் பலர் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். ‘கொழகொழ’ என்று பெயர் வைத்துவிட்டு, இது கறாரான கணிதம் என்றால் யார் நம்புவார்? ஜப்பானில் கதை நேர்மாறு. 1987இல் செண்டாய் நகரச் சுரங்க ரயில் ஃபஸி கட்டுப்பாட்டில் ஓடத் தொடங்கியது; 1990 வாக்கில் ‘ஃபஜி’ அங்கே தெருப்பேச்சுச் சொல்லாகிவிட்டது.

ரோபோவுக்கு இது எதற்கு? ஒரு நடைவழியில் போகும் ரோபோவுக்கு ஒரே ஒரு விதி கொடுப்போம். எதிரே இருக்கும் தடை 100 சென்டிமீட்டருக்குள் வந்தால் வேகம் நொடிக்கு 10 செ.மீ., அதற்கு அப்பால் என்றால் 50 செ.மீ. ஒலி அலையால் தூரம் அளக்கும் சோனாரில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்பின் ஆடும். ஆகவே தடை சரியாக அந்த எல்லையில் நிற்கும்போது 99, 101, 99 என்று அளவு மாறும். ரோபோவும் 10, 50, 10 என்று வெட்டி வெட்டி இழுக்கும். இப்போது ‘கிட்டே’ என்பதை ஃபஸி கணமாக்குவோம். 40 செ.மீ. வரை முழுக்கக் கிட்டே, அதாவது 1. 140 செ.மீ.யில் 0. இடையில் நேர்கோடாக இறங்கும். 100 செ.மீ.யில் ‘கிட்டே’ 0.4, ‘தூரம்’ 0.6. வேகம் = 0.4 × 10 + 0.6 × 50, அதாவது 34 செ.மீ. தடை ஒரு சென்டிமீட்டர் நெருங்கி 99 ஆனால் வேகம் 33.6. அவ்வளவுதான் மாற்றம். இப்படி எடை போட்டுச் சராசரி எடுக்கும் முறையை 1985இல் தகாகியும் சுகேனோவும் வகுத்துக் கொடுத்தார்கள். கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வகத்தில் உருவான ஃப்ளேக்கி என்ற ரோபோ, தடையை விலகுவது, நடைவழியைப் பிடித்துப் போவது போன்ற நடத்தைகளை ஃபஸி விதிகளால்தான் ஒன்றோடொன்று குழைத்தது. 1992இல் சான் ஹோசேயில் நடந்த ரோபோ போட்டியில் அதற்கு இரண்டாம் இடம்.

இங்கே 0.4 என்பது வாய்ப்பு அல்ல. ‘தடை கிட்டே இருக்க 40 சதவீத வாய்ப்பு’ என்று யாராவது எழுதியிருந்தால் உடனே அடித்துவிடலாம். தூரம் மிகச் சரியாக 100 செ.மீ. என்று உறுதியாகத் தெரிந்தாலும் இதே 0.4தான் வரும். ‘கிட்டே’ என்ற சொல் அந்தத் தூரத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதுதான் 0.4.

இதனால்தான் ‘குழப்பத் தருக்கம்’, ‘தெளிவிலாத் தருக்கம்’ என்ற பெயர்ப்புகள் எனக்குப் பிடிப்பதில்லை. மேலே போட்ட கணக்கில் எங்கே குழப்பம்? ‘மங்கல்’ பரவாயில்லை. ஆனாலும் அது வெளிச்சத்தைப் பற்றிய சொல். பார்ப்பவருக்குச் சரியாகத் தெரியவில்லை என்ற தொனி ஒட்டிக்கொண்டே வரும். தமிழில் இதற்கென்றே கிடக்கும் சொல் பிசிறு. துணி ஓரத்தில் நிற்கும் நூல்தான் பிசிறு, ஃபஸ்ஸின் பொருளும் அதுவே. இன்னொரு வசதியும் உண்டு. எல்லை வெட்டினாற்போல உள்ள பழைய கணத்தை ஆங்கிலத்தில் ‘கிரிஸ்ப்’ என்பார்கள். ‘பிசிறில்லாமல் பாடினார்’ என்று நாம் சொல்வதில் அந்தப் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. பிசிறுக் கணம், பிசிறிலாக் கணம் என்று ஜோடி தானாக அமைந்துவிடுகிறது. பிசிறு என்றால் குறை என்ற நிழல் கொஞ்சம் விழும், மறுக்கவில்லை. ஃபஸிக்கும் ஆங்கிலத்தில் அந்த நிழல் உண்டு. இலங்கை வாசகர்கள் கணம் என்ற இடத்தில் ‘தொடை’ என்று படித்துக்கொள்ளலாம். அங்கே பாடநூல் வழக்கு அது.

அடுத்து குவாலிடேட்டிவ். இதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். பள்ளி வேதியியலில் உப்பைச் சோதித்தபோது ‘பண்பறி பகுப்பாய்வு’ என்று படித்தோமே, அந்தப் ‘பண்பறி’ போதும். எவ்வளவு என்று அளப்பது பருமனறி. என்ன வகை என்று சொல்வது பண்பறி. ரோபோவில் இது எண்ணையே தொடாது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் நிக்கோ வான் டி வேகே 2004இல் வகுத்த பாதைக் கணக்கு முறையைப் பாருங்கள். இரண்டு பேர் நகர்கிறார்கள். மற்றவரை நோக்கி வந்தால் −, விலகிப் போனால் +, இரண்டும் இல்லையென்றால் 0. ரோபோவை முதலிலும் மனிதரை அடுத்தும் எழுதினால், (−,−) என்பது இருவரும் எதிரெதிரே வருவது. (−,+) என்றால் மனிதர் போகிறார், ரோபோ பின்னாலேயே வருகிறது. (0,−) என்றால் ரோபோ ஒதுங்கி நிற்கிறது, மனிதர் கடந்துபோக வருகிறார். எத்தனை மீட்டர், என்ன வேகம் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் இதில் ஒரு கண்டிப்பு உண்டு: − இலிருந்து + க்கு ஒரேயடியாகத் தாவ முடியாது, நடுவில் 0 ஐத் தொட்டாக வேண்டும். ஆகவே அடுத்து என்ன நடக்கலாம் என்ற பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். நடைவழியில் மனிதருக்கு வழிவிடும் ரோபோக்களுக்கு இதை இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். இடத்துக்கும் இதேபோல் ஒன்று உண்டு: இரண்டு இடப்பகுதிகளுக்கு நடுவே இருக்கக்கூடியவை என்று 1992இல் லீட்ஸ் ஆய்வாளர்கள் தந்த எட்டு உறவுகள். தொடாமல் இருப்பது, தொட்டுக்கொண்டிருப்பது, ஒன்றின்மேல் ஒன்று படிவது, உள்ளே இருப்பது என்று போகும்.

ஆக, பிசிறு என்பது எல்லையில் 0.4, 0.9 என்று அளவு வைப்பது. பண்பறி என்பது எண்ணை விட்டுவிட்டு வகையை மட்டும் வைத்துக்கொள்வது. இரண்டையும் இணைத்தவர்களும் உண்டு. 1993இல் சியாங் ஷென், ராய் லீச் இருவரும் பண்பறி மாதிரிகளில் வகைகளின் எல்லைகளையே பிசிறாக்கினார்கள். பின்னர் ஹோங்ஹாய் லியு போன்றோர் அதே வழியில் திரிகோணமிதிக்குப் போனார்கள்: கோணத்தைப் பாகையில் சொல்லாமல், வட்டத்தைச் சில திசைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுகளின் ஓரம் ஒன்றோடொன்று கரையும்படி விட்டு, ரோபோக் கையின் அசைவை விவரித்தார்கள்.

மிச்சமிருப்பது ‘ரீசனிங்’. பகுத்தறிவு என்று போட்டால் படிப்பவர் மனம் பெரியார் திடலுக்குப் போய்விடும். ‘உய்த்தறிதல்’ பொருந்தும். முழுத் தொடர்: இடம், இயக்கம் பற்றிய பிசிறுப் பண்பறி உய்த்தறிதல். பேச்சில் யாரும் இவ்வளவு நீளம் சொல்லப்போவதில்லை; தலைப்பில் ஒருமுறை எழுதிவிட்டு அப்புறம் ‘பிசிறுப் பண்பறி’ என்றே போகலாம்.

இன்னொரு சின்ன விஷயம். ‘மிகவும்’ போன்ற அடைகளுக்கும் ஜாதே கணக்கு வைத்தார்: பொருந்தும் அளவை வர்க்கமாக்க வேண்டும். ‘கிட்டே’ 0.4 என்றால் ‘மிகக் கிட்டே’ 0.16. இந்த வேலையைச் செய்யும் சொற்களைத் தொல்காப்பியம் உரியியலில் தனியாகவே எடுத்து வைத்திருக்கிறது: உறு, தவ, நனி மூன்றும் மிகுதிப் பொருள் தருபவை. ஆங்கிலத்தில் ‘ஹெட்ஜ்’ எனப்படும் அடைகளில் இந்த வகைக்கு ‘மிகுதி அடை’ என்று எழுதலாம். ‘கொஞ்சம்’, ‘ஏறக்குறைய’ போன்றவை அதில் அடங்காது. அவற்றுக்குத் ‘தளர்வு அடை’ என்று வேறு பெயர் வைக்க வேண்டும்.